விளக்குக்கு வராத வண்டு

ஷைனி கண்ணெல்லாம் சிவந்து வீட்டுக்குள் நுழைந்த அந்தச் சாயங்காலம், சாராளுக்கு முதலில் தோன்றியது யாரோ ஒரு பையன்தான். இருபத்தாறு வயதுப் பெண் வேறு எதற்கு அழுதுகொண்டு வருவாள்? அடுப்பைத் தணித்துவிட்டு வந்து மகளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

“யாருடி அவன்?”

“வண்டும்மா.”

“இன்னாது?”

“வண்டு. கிட்ட வச்சுப் பாத்தேன். கண்ணுல பீச்சிடிச்சு.”

சாராளுக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து மகளின் கண்ணைக் கழுவிவிட்டாள். துப்பட்டாவிலிருந்து புளித்த காடி வாசனை குப்பென்று அடித்தது.

“எம்எஸ்சி முடிச்சிட்டு, அதுக்கு மேலயும் படிக்கிறேன்னு சொல்லிக்கினு, கடைசில ஒரு பூச்சிகிட்ட அடி வாங்கிக்கினு வர்றியேடி.”

ஷைனி எரிகிற கண்ணோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சாராளுக்கு, இது பையன் விவகாரத்தைவிட மோசம் என்று பட்டது.

பழவேற்காடு ஏரிக்குள் சிப்பித்திட்டு என்று ஒரு தீவு. தீவு என்று சொல்வதே கொஞ்சம் மரியாதை. உலை வைத்துவிட்டுப் போனால், அரிசி போடுவதற்குள் அதைச் சுற்றி வந்துவிடலாம். முழுக்க வெள்ளைச் சிப்பி, நடுவில் கொஞ்சம் உப்புச்செடி, அவ்வளவுதான். அந்தச் சிப்பிக்கு அடியில் ஒளிந்து வாழும் ஒரு கறுப்புத் தரைவண்டுதான் ஷைனியின் ஆராய்ச்சி. மற்றத் திட்டுகளிலெல்லாம் தேடிவிட்டாள், கரை நெடுகத் தேடிவிட்டாள், ஆந்திரா பக்கம் போயும் பார்த்துவிட்டாள். எங்கேயும் இல்லை. புத்தகத்திலும் இல்லை. இன்னும் பேரே வைக்கப்படாத வண்டு.

“உலகத்துலயே அங்க மட்டும்தாம்மா இருக்கு.”

“நம்ம தெரு கொசுவும் நம்ம தெருவுல மட்டும்தான் கீது. அதுக்கு எவனாவது ஆராய்ச்சி பண்றானா?”

“கொசு பறந்து அடுத்த தெருவுக்குப் போவும்மா. இதால முடியாது. உள்ள றெக்கையே கெடையாது. முதுகு ஓடு ரெண்டும் ஒட்டிப்போயிருக்கு, தொறக்கவே தொறக்காது. அந்தத் திட்டு போச்சுன்னா இதுவும் போச்சு.”

சாராள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு விடிந்தால் வேலை இருந்தது.

வேலை, நீலக்கரை டெர்மினல்ஸ் என்கிற கம்பெனியின் கிடங்கில். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் பெரிய வளாகம். அங்கே பத்து வருஷத்துக்கு மேலாக காண்ட்ராக்ட் ஹவுஸ்கீப்பிங். நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, கையில் மாப். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இதே மண்ணில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலம் போய் சிப்காட் வந்தது, குனிகிற வேலை மட்டும் போகவில்லை என்று சாராள் சொல்வாள். கணவன் ஜெரால்ட் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் ஏற்றிக்கொண்டு ஆந்திராவுக்கு லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம்.

ஒருநாள் ஷைனி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். “மா, உங்க கம்பெனி அந்தத் திட்டக் கேக்குது.”

சின்னத் துறைமுகம் கட்டப்போகிறார்களாம். திட்டை மண் கொட்டி உயர்த்தி, கரையோடு சேர்த்து, மேலே கிடங்கு. ஷைனியின் வழிகாட்டிப் பேராசிரியர் அருணாச்சலம் அதற்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருந்தார். வண்டுகளைப் பிடித்துக் கம்பெனி வளாகத்திலேயே குடிவைத்துவிடலாம் என்று. அதற்கு நன்றியாகக் கம்பெனி அவருடைய ஆய்வகத்துக்குக் கருவிகள் தரும். வண்டுக்கும் கம்பெனி நிறுவனரின் பேரை வைத்துவிடலாம். ஷைனியும் கையெழுத்துப் போட வேண்டும், அதைப் பிடித்துப் பழகியவள் அவள்தான்.

அருணாச்சலம் கெட்டவர் இல்லை. இதே வீட்டுக்கு வந்து, இதே பாயில் உட்கார்ந்து, சாராள் வைத்த மடவை மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அதனாலேயே சாராள், “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். போட்டுத் தொலையேன்” என்றாள்.

“நான் லேபுக்கு எடுத்தாந்து பாத்தேம்மா. மண்ணோட எடுத்தாந்தேன், சிப்பியோட எடுத்தாந்தேன், அந்தத் தண்ணியவே கேன்ல புடிச்சாந்தேன். ஒரு வாரம் தாண்டல. ஏன் சாவுதுன்னே தெரியாம, வேற எடத்துல பொழைக்கும்னு எப்பிடிக் கையெழுத்துப் போடறது? சாருக்கும் இது தெரியும்.”

அவள் போடவில்லை. அவள் போடாமலே வேலை நடந்தது. கம்பெனியின் சுற்றுச்சூழல் மேலாளர் மோகன்ராஜ் ஆட்களைப் படகில் அனுப்பித் திட்டைக் கிளறி வண்டுகளைப் பிடித்துவரச் செய்தார். வரவேற்பறைக்கு முன்னால் இருக்கும் தோட்டத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று வந்தது. அதற்கு மேல் கூரை, பக்கத்தில் பலகை. “வண்டு இல்லம்” என்று பச்சை எழுத்தில். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைக்கிற வேலை சாராளுக்கு வந்து சேர்ந்தது. அவள் யாருடைய அம்மா என்று தெரிந்து கொடுத்தார்களா, தெரியாமலா என்று அவளுக்குப் புரியவில்லை. முதல் நாள் துடைக்கும்போது குனிந்து பார்த்தாள். நீளக் கால், சிறுத்த இடுப்பு, எண்ணெய் தடவினாற்போலக் கறுப்பு. இதற்காகவா இந்தப் பெண் சோறு தண்ணீர் இல்லாமல் திரிகிறாள் என்று நினைத்தாள். சில நாள் போயிற்று. ஒரு காலை பார்த்தால் இரண்டு மூன்று மல்லாந்து கிடந்தன. மறுநாள் இன்னும் சில. அந்த வாரக் கடைசியில் பெட்டிக்குள் நடமாட்டமே இல்லை.

மோகன்ராஜ் வந்து பார்த்தார். கத்தவெல்லாம் இல்லை, அவர் கத்துகிற ஆள் கிடையாது. சூப்பர்வைசர் கோபாலைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கோபால் சாராளிடம் வந்தான்.

“யக்கா, வாசக் கேட்டாண்ட பெரிய லைட்டு எரியுதில்ல, அதுக்கடியில கறுப்பா வண்டு வுழுந்துகினு கெடக்கும். காலைல வந்ததும் அதுல நல்லதா பொறுக்கி இதுல போட்டுடு. செத்தத வழிச்சுக் குப்பைல போட்டுடு.”

“அது வேற வண்டாச்சே கோபாலு.”

“வண்டுல இன்னா வேற? கறுப்பா கீதா, ஆறு காலு கீதா? போடுக்கா. மேல சொல்ற வேல.”

சாராள் பொறுக்கிப் போட்டாள். அன்று மட்டும் இல்லை, பிறகும் பல காலைகள். வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஷைனி சும்மா இருக்கமாட்டாள், ஷைனி சும்மா இல்லாவிட்டால் இந்த நீலக் கோட்டு இருக்காது. மகள் பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் தன் விரலில் ஏதோ நாற்றம் அடிப்பதாகப் பட்டு எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறித்த பிறகு மோகன்ராஜ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். அந்த அறையை எத்தனையோ முறை துடைத்திருக்கிறாள், உட்கார்ந்தது கிடையாது. இப்போதும் நின்றுகொண்டாள்.

“சாராளம்மா, ஷைனி நல்ல பொண்ணு, திறமையான பொண்ணு. எங்க டிபார்ட்மென்ட்லயே ஆபீசரா வரலாம். கூட்டத்துல எழுந்து எதுவும் பேசாம இருந்தா போதும். நீங்க அம்மா, எடுத்துச் சொல்லுங்க. காண்ட்ராக்ட் வேற புதுப்பிக்கிற நேரம். உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வரக்கூடாதுன்னுதான் நான் பாக்கறேன்.”

குரலில் அத்தனை இதம்.

அன்று வீட்டில் பெரிய சண்டை.

“ஆபீசரு வேலடி! அட்டைய மாட்டிக்கினு அந்த கேட்டுல நீ நொழைஞ்சா, எனக்கு சல்யூட்டு அடிக்காதவன்லாம் ஒனக்கு அடிப்பான். ஒரு பூச்சிக்கோசரம் அத வேணாங்கறியே!”

“பூச்சிக்கோசரம் இல்லம்மா. நான் பாத்தத பாக்கலன்னு சொல்லச் சொல்றாங்க.”

“சொல்லவா சொல்றாங்க? சும்மா இருன்னுதானே சொல்றாங்க. நான் சும்மா இருக்கல? ஒங்கொப்பன் சும்மா இருக்கல? இருந்துதான் ஒன்ன இம்மாம் படிக்க வச்சோம்.”

ஷைனி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். “ஒருவாட்டி வந்து பாரும்மா. பாத்துட்டு நீ சும்மா இருன்னு சொன்னா, யோசிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ். கரையில் வரதன் படகோடு காத்திருந்தார். ஷைனியை முதல் நாளிலிருந்து ஏற்றிக்கொண்டு போகிற மீன்காரர் அவர்.

“ஏம்மா, இவங்கதான் ஒங்கம்மாவா? அப்போ இவங்களுக்கும் கண்ணுல ஊத்த தண்ணி எடுத்துக்கணும்” என்று கேனை நிரப்பிக்கொண்டார்.

சாராள் சேலையை முழங்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு திட்டில் இறங்கியபோது கால்கீழ் சிப்பி நொறுங்கியது. எங்கே பார்த்தாலும் வெயில் பட்டுக் கண் கூசும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவே கம்பெனிக்காரர்கள் நட்டுவிட்டுப் போன கம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புத் துணி. ஒரு ஓரத்தில் குழிகுழியாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஷைனி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து, தண்ணீர் ஓரத்தில் மண்டியிட்டு, சிப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அடியில் ஈரம். ஈரத்தில் ஒரு கறுப்பு, சட்டென்று ஓடிற்று. ஷைனி அதைக் கையால் மறித்து அம்மாவின் உள்ளங்கையில் விட்டாள்.

“மூஞ்சிகிட்ட கொண்டுபோவாத.”

சாராள் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். வண்டு விரல் நுனி வரை ஓடிற்று. அங்கே நின்றது. கீழே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் திரும்பி அடுத்த விரலுக்கு ஓடிற்று, அதன் நுனியிலும் நின்று திரும்பிற்று. ஊதிப் பார்த்தாள். முதுகைத் திறக்கவில்லை, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது, வா பார்க்கலாம் என்பதுபோல.

“லைட்டு போட்டா பறந்து வராதா இது?”

“எப்பிடிம்மா பறக்கும்? றெக்கை வேணுமே.”

“அப்போ பெரிய லைட்டுக்கடியில வுழுந்துகினு கெடக்கறது?”

“அது வேற வண்டும்மா, எல்லா ஊர்லயும் இருக்கற…” என்று ஆரம்பித்த ஷைனி நிமிர்ந்து பார்த்தாள். “எந்த லைட்டு?”

சாராள் வண்டைக் குனிந்து சிப்பிமேல் விட்டாள். அது உள்ளே நுழைந்து மறைந்த பிறகுதான் சொன்னாள். பெட்டியில் இருந்தவை செத்ததையும், கோபால் சொன்னதையும், தான் பொறுக்கிப் போட்டதையும் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் கத்துவாள் என்று நினைத்தாள். ஷைனி கத்தவில்லை. எடுத்து வைத்த சிப்பிகளைப் பழையபடி அடுக்கி மூடிவிட்டு, “நீ இதை எங்கயும் சொல்லாதம்மா” என்றாள். “உன் வேல போயிடும். பெட்டில இருக்கறது அந்த வண்டு இல்லன்னு நானே சொல்லிக்கறேன். உன் பேரு வராது.”

திரும்புகிற வழியில் சாராள், சும்மா இரு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கூட்டம் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் உட்காருகிற மேடையில் மேசை போட்டு மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் குணசுந்தரி என்கிற அதிகாரி உட்கார்ந்திருந்தார். நடப்பதையெல்லாம் வீடியோ எடுக்க ஒரு ஆள். மண்டபத்தின் வலது பக்கம் பழவேற்காட்டு மீன்காரர்கள், வரதனும் அவர்களில் ஒருவர். இடது பக்கம் முழுக்க நீலக் கோட்டு. கம்பெனி பஸ் வைத்துக் கூட்டிவந்த காண்ட்ராக்ட் ஆட்கள். கைதட்ட வேண்டிய இடம் வந்தால் முன்வரிசையில் இருக்கும் கோபால் திரும்பிப் பார்ப்பான். சாராள் மூன்றாம் வரிசையில் இருந்தாள். பின்னால் பிரியாணி இறங்குகிற வாசனை வந்துகொண்டிருந்தது.

மோகன்ராஜ் திரையில் படம் காட்டிப் பேசினார். கடைசியாக, இரண்டு பேர் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார்கள்.

“எங்க நிறுவனத்துக்கு ஒரு சின்ன உயிர்கூட முக்கியம். திட்டில் இருந்த அரிய வண்டுகள் இதோ எங்க வளாகத்தில் நலமா இருக்கு.”

கோபால் திரும்பினான். நீலப் பக்கம் கைதட்டிற்று. சாராளின் கைகள் மடியிலேயே கிடந்தன.

ஷைனி மைக்குக்குப் போனாள். குரல் முதலில் கொஞ்சம் உடைந்தது, பிறகு நிதானமாகிவிட்டது. திட்டைப் பற்றிச் சொன்னாள், வண்டு வேறெங்கும் இல்லாததைச் சொன்னாள், ஆய்வகத்தில் பிழைக்காததைச் சொன்னாள். “மேடம், இந்தப் பெட்டில இருக்கறது அந்த வண்டு இல்ல. தொறந்து பாக்க அனுமதிக்கணும்.”

“தொறக்க முடியாதுங்க மேடம்” என்றார் மோகன்ராஜ், வருத்தப்படுகிறவர் மாதிரி. “ரொம்ப மென்மையான உயிரினம். இத்தனை கூட்டம், சத்தம். ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?”

குணசுந்தரி முன்வரிசையில் இருந்த அருணாச்சலத்தைப் பார்த்தார். “புரொபசர், நீங்க சொல்லுங்க. இது அதுதானா?”

அருணாச்சலம் எழுந்தார். பெட்டி அவருக்கு நாலடி தூரத்தில் இருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை. “முறைப்படி பிடிச்சு, முறைப்படி கொண்டுவந்தது மேடம். என் மாணவி கொஞ்சம் உணர்ச்சிவசப்படறாங்க.”

“சார், ஒருவாட்டி கிட்ட வந்து பாருங்க சார்” என்றாள் ஷைனி.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

“ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?” என்று குணசுந்தரி கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். “இவங்க வண்டை மாத்திட்டாங்கன்னு நீங்க சொல்றதுக்கு?”

ஷைனி வாயைத் திறந்தாள். அவள் கண் நீலக் கோட்டுகளுக்கு நடுவே தேடி, அம்மாவிடம் வந்து நின்று, உடனே விலகிற்று. வாயை மூடிக்கொண்டாள்.

“இல்லைங்க மேடம்” என்றாள்.

சாராள் அந்த மகளைப் பெற்ற நாளிலிருந்து, அவள் தெரிந்த பதிலைத் தெரியாது என்று சொல்லிப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடித்தபோதும் சொல்லாதவள். இப்போது இத்தனை பேர் முன்னால், உணர்ச்சிவசப்படுகிற பைத்தியக்காரி என்ற பேரை வாங்கிக்கொண்டு நிற்கிறாள். எதற்கு? இந்தக் கோட்டுக்கு. சும்மா இருந்து சும்மா இருந்து தான் வளர்த்தது மகளையும் சும்மா இருக்க வைப்பதற்கா?

எழுந்துவிட்டாள்.

“யக்கா, இன்னா பண்ற? ஒக்காரு” என்று, அவள் முன்வரிசையைத் தாண்டும்போது கோபால் கோட்டின் நுனியைப் பிடித்தான்.

“வுடுறா.”

அவன் விடவில்லை. சாராள் பொத்தான்களைக் கழற்றிக் கோட்டை அவன் கையிலேயே விட்டுவிட்டு நடந்தாள். மேடைப் படியில் ஏறி, பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். எல்லோரும் அவள் ஏதோ துடைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. தினமும் திறந்து மூடுகிற தாழ்ப்பாள். ஒரே தட்டு. மூடியைத் தூக்கி, பெட்டியை அப்படியே வெள்ளை விரிப்பின்மேல் கவிழ்த்தாள்.

“ஏம்மா! யாரு இது? பிடிங்க!” மோகன்ராஜ் முதல்முறையாகக் கத்தினார்.

மண்ணும் சிப்பியும் சரிந்தன. அதிலிருந்து கறுப்பு வண்டுகள் எழுந்து நாலா பக்கமும் ஊர்ந்தன. சாராள் மைக்கை இழுத்துக்கொண்டாள்.

“மேடம், இந்தப் பொட்டியத் தெனம் தொடைக்கறது நான்தான். திட்டுலேர்ந்து வந்ததெல்லாம் வந்த வாரமே செத்துப்பூட்ச்சி. அத வழிச்சுக் குப்பைல போட்டதும் நான்தான். இது எங்க கம்பெனி கேட்டு லைட்டுக்கடியில வுழுந்த வண்டு. இதப் பொறுக்கிப் போட்டதும் நான்தான். போடச் சொன்னாங்க, போட்டேன். எம் பொண்ணு கண்டுபுடிச்ச வண்டு பறக்காது. இது—”

அவள் முடிக்கவில்லை. மேசை விளிம்பு வரை ஊர்ந்துபோன ஒன்று முதுகைப் பிளந்துகொண்டு விர்ரென்று எழும்பி, மேடைக்கு மேல் எரிந்த விளக்கில் போய் மோதிற்று. அதன் பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது மோகன்ராஜின் காதோரமாகப் போக அவர் தலையைக் குனிந்தார்.

மீன்காரர்கள் பக்கம் விசில் கிளம்பிற்று. அது எதிர்பார்த்ததுதான். நீலக் கோட்டுகளிலிருந்து எழுந்த சிரிப்புத்தான் யாரும் எதிர்பாராதது. கோபால் திரும்பாமலே, ஒரு பெண் கைதட்ட ஆரம்பித்தாள். பிறகு எல்லோரும்.

குணசுந்தரி கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். “உங்க பேரு?”

“சாராள். ஊட்டுக்காரர் பேரு ஜெரால்ட். இந்தக் கம்பெனிலதான் ஹவுஸ்கீப்பிங்.”

“நீங்க சொன்னது அப்படியே பதிவாகும். உங்க வேலைக்கு இதனால பாதிப்பு வரலாம். யோசிச்சு சொல்லுங்க, பதிவு பண்ணலாமா?”

“யோசிச்சிட்டுதாம்மா படியேறினேன். எழுதிக்கங்க.”

வெளியே வந்தபோது அருணாச்சலம் வாசலில் நின்றிருந்தார். “நான் கிட்ட வந்து பாத்திருக்கணும், ஷைனி” என்றார்.

“பாத்தா தெரிஞ்சிடும்னுதானே சார் பாக்கல?” என்றாள் அவள். அவர் காரில் ஏறினார். ஷைனி சுவரோரம் போய் நின்று அழுதாள். இந்த முறை வண்டால் இல்லை. சாராள் பக்கத்தில் நின்று, “அழு, அழுது முடிச்சிட்டு வா. பிரியாணி வாணாம், வழியில நாஷ்டா துன்னுக்கலாம்” என்றாள்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. துறைமுகத் திட்டம் ரத்தாகவில்லை, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு நிறுவனம் ஒரு மழைக்காலம் முழுக்கத் திட்டை ஆய்வு செய்த பிறகுதான் மறுபடியும் கூட்டம் என்று உத்தரவு வந்தது. அதுவரை மண் கொட்டக்கூடாது. சிவப்புத் துணிக் கம்புகளை எடுக்கச் சொல்லி உத்தரவில் இல்லை. ஆனாலும் அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வரதனைக் கேட்டால், “ஏரில காத்து அதிகம்மா” என்பார்.

கூட்டத்துக்கு மறுநாள் சாராள் வேலைக்குப் போனாள். கேட்டில் அட்டையை வைத்தால் கதவு திறக்கவில்லை. கோபால் ஓடிவந்தான். அவன் முகமும் தொங்கித்தான் இருந்தது.

“யக்கா, ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்தா வேற கெடங்குக்கு மாத்தித் தர்றேன்னு காண்ட்ராக்டர் சொல்றாரு.”

“இன்னான்னு எழுதணும்?”

“தெரியாம பேசிட்டேன்னு.”

“தெரிஞ்சுதான் பேசினேன். வேணும்னா அத எழுதித் தர்றேன், எடுத்துக்கினு போய்க் குடு.”

அட்டையைக் கழற்றி அவன் கையில் வைத்துவிட்டு வந்தாள். தெருமுனை வரை நிமிர்ந்து நடந்தவள், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஜெரால்ட் போனில், “போனா போவட்டும். என் லாரி ஓடுதில்ல, பாத்துக்கலாம்” என்றான். அவனுக்கு அதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தெரியாது, அவளுக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கவும் இல்லை.

காலனியில் எல்லோரும் மெச்சவில்லை. குழாயடியில் ஒருத்தி மூஞ்சிக்கு நேராகவே கேட்டாள். “அந்தத் துறைமுகம் வந்தா எங்க பசங்களுக்கு வேல தர்றேன்னாங்க. ஒன்னாலதான் போச்சு.”

“ஒரு செத்த பூச்சிய உயிரோட கீதுன்னு சொன்னவன்டி அவன். ஒம்புள்ளைக்கு வேல கீதுன்னு சொல்றத எப்பிடி நம்பற?” என்று சாராள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெண் சில வாரம் பேசவில்லை.

ஷைனி வேறொரு பேராசிரியையிடம் மாறிக்கொண்டாள். இரண்டு வருஷ வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. வண்டைப் பற்றிய கட்டுரை வெளியாகப் போகிற சமயத்தில் அம்மாவிடம் வந்து உட்கார்ந்து, “பேரு வைக்கணும்மா. உன் பேர வைக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“எம் பேரு எதுக்கு? செத்தவங்களுக்கு கல்லு வைக்கற மாதிரி! அந்தத் திட்டு பேர வையி. நாளைக்கு எவனாவது மண்ணக் கொட்டி மூடினாலும், படிக்கறவன் கேப்பானில்ல, அந்தத் திட்டு எங்கடான்னு?”

அப்படியே வைத்தாள். உலகம் முழுக்க அந்த வண்டுக்கு இனி சிப்பித்திட்டுக்காரன் என்றுதான் பேர். லத்தீனில் அதை உச்சரிக்கச் சொன்னபோது சாராளுக்கு நாக்குச் சுளுக்கிக்கொண்டது.

வேலை கிடைக்கத்தான் நாளாயிற்று. நீலக்கரை காண்ட்ராக்டர் நாலு இடத்தில் சொல்லி வைத்திருந்தார், கூட்டத்தில் எடுத்த வீடியோவும் ஊரெல்லாம் போனில் சுற்றியிருந்தது. கடைசியில், சிப்காட்டின் மறுகோடியில் போல்ட் நட்டு செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனாள். மேனேஜர் ஆதார் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

“வீடியோவுல வந்தது நீங்கதானே? வண்டு?”

“ஆமா சார்.”

அவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். “இங்க வந்து அந்த மாதிரி எதுவும் பண்ணமாட்டீங்களே?”

இந்த முறை யாரும் காட்டாமலே சாராள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

“அது நீங்க இங்க இன்னா பண்றீங்கங்கறதப் பொறுத்தது சார்” என்றாள்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். பிறகு திங்கட்கிழமை வரச் சொன்னார்.